தமிழருக்காக வாழ்ந்த அமெரிக்க வைத்தியர் டாக்டர் கிறீன்



நம் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு 'டிரெசர்' என்றால் யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பால்மரம் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டாலும், குழந்தைக்கு நள்ளிரவில் வலிப்பு வந்தாலும், லயத்திலிருந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டுவது டிரெசர் ஐயா வீட்டைத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவரே ராஜா. அவர் தரும் சிவப்புத் தண்ணி மருந்தை நம் பெரியவர்கள் பாட்டிலைக் குலுக்கி, ஒட்டிய காகிதக் கோட்டைப் பார்த்து, கோடு தப்பாமல் குடித்தார்கள்.

அந்த 'டிரெசர்' என்ற சொல்லை ஓர் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருதிருவென்று விழிப்பார்! அமெரிக்காவில் டிரெசர் என்றால் படுக்கையறையில் துணிமணி வைக்கிற, கண்ணாடி பதித்த இழுப்பறை மேசை. மேசை எப்படி ஐயா காயத்துக்குக் கட்டுப் போடும்? புண்ணுக்குக் கட்டுப் போடுகிற சர்ஜனின் உதவியாளரை டிரெசர் என்று அழைத்தது பிரிட்டிஷ்காரர்களின் வழக்கம். அவர்கள் ஆண்ட மலாயாவுக்கும் அந்தச் சொல் கப்பலேறி வந்தது. அது மட்டுமா? நாம் லோரி என்போம், அவர்கள் ட்ரக் என்பார்கள். நாம் பெட்ரோல் என்போம், அவர்கள் கேஸ் என்பார்கள். நாம் டோர்ச்சு லைட் என்போம், அவர்கள் ஃபிளாஷ்லைட் என்பார்கள். ஒரே ஆங்கிலம்தான், ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு போல!

சொல் குழம்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். அளவு குழம்பினால்? அங்கேதான் சங்கதி இருக்கிறது. நம் ஸ்டோரில் பால் அளந்த காலனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலன் ஏறத்தாழ நாலரை லிட்டர். அமெரிக்கக் காலனோ நாலு லிட்டருக்கும் குறைவு. இங்கே 10 காலன் பால் என்று கிராணி எழுதினால், அதே பாலை அமெரிக்கக் காலனால் அளந்தவன் 12 என்று எழுதுவான். பிரிட்டிஷ் டன் 2240 பவுண்டு, அமெரிக்க டன் 2000 பவுண்டு. பிரிட்டிஷ்காரன் தன் உடம்பின் எடையைக் 'கல்' கணக்கில் சொல்லுவான். ஒரு கல் என்றால் 14 பவுண்டு. அமெரிக்கனுக்கு அது என்னவென்றே விளங்காது. இதற்கு நடுவில் நம் பசாரில் காத்தி, தாயில், பிக்கல் வேறு! 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. இருந்தாலும் பாட்டிமார் சிலர் இன்னமும் ஒரு காத்தி மீன் என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டுமே, மீன்காரருக்கும் அது புரிகிறதே!

இத்தனையும் எதற்குச் சொல்ல வந்தேன் என்கிறீர்களா? இந்த இரண்டு ஆங்கிலங்களுக்கும் இரண்டு அளவைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் மூன்றாவதாக ஒரு வழியைத் தேடிப்போன ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத்தான். அவர் அமெரிக்கர். பிரிட்டிஷ்காரர் ஆண்ட இலங்கைக்கு வந்தவர். அவர் தேர்ந்துகொண்ட வழி தமிழ். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் அவர் பிறந்தார். கிறீன் ஹில் என்ற பண்ணை வீட்டில், பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அண்ணன்மாரில் ஒருவரான ஆண்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தில் பெரும் புகழ் பெற்றார். அங்குள்ள சென்ட்ரல் பார்க் என்னும் பூங்கா உருவாகப் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர். தம்பி சாமுவேலும் அதே நியூயார்க்கில்தான் மருத்துவம் படித்து, 1845-இல் டாக்டரானார். அங்கேயே தங்கியிருந்தால் காசுக்கும் பேருக்கும் குறைவிருந்திருக்காது. அவரோ அமெரிக்க மிஷன் வைத்தியராகப் பெயர் கொடுத்து, 1847-இல் பல மாதம் கப்பலில் பயணம் செய்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816-இலேயே காலூன்றிவிட்டது. டாக்டர் ஸ்கட்டர் என்பவர் 1819-இல் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் டாக்டர் வார்ட். அந்த வரிசையில் மூன்றாவதாக வந்த கிறீன், முதலில் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848-இல் மானிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மானிப்பாயே அவர் பேரோடு ஒட்டிக்கொண்ட ஊராகிவிட்டது.

வந்து இறங்கிய அமெரிக்க இளைஞருக்கு முன்னால் என்னென்ன இருந்தன என்று சற்று எண்ணிப் பாருங்கள். அவர் ஊரில் காசுக் கணக்கு சுலபம், நூறு சென்ட் ஒரு டாலர். இலங்கையிலோ அன்று பிரிட்டிஷ் கணக்கு. 12 பென்சு ஒரு சில்லிங்கு, 20 சில்லிங்கு ஒரு பவுன். (1872-இல்தான் அங்கே ரூபாய்க்கு மாறினார்கள்.) நீட்டலளவை எல்லாம் ஒன்று போலத்தான். ஆனால் வைத்தியருக்குத் தேவையான முகத்தலளவை வேறு. 1824-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தன் காலனை மாற்றிவிட்டது. அமெரிக்கா அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரிந்து போய்விட்டதால், பழைய மது அளக்கும் காலனையே வைத்துக்கொண்டது. ஆகவே பிரிட்டிஷ் பைண்டுக்கு 20 அவுன்சு, அமெரிக்கப் பைண்டுக்கு 16 அவுன்சுதான்.

எடை அவுன்சிலும் இதே வம்பு. 1864-இல் வந்த பிரிட்டிஷ் மருந்து நூல், ஓர் அவுன்சு என்றால் நானூற்று முப்பத்தேழரை கிரேன் என்று வைத்தது. அமெரிக்க மருந்துக்காரர்கள் பழைய 480 கிரேனையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு தாளை எடுங்கள். ஒரு பைண்டு தண்ணீரில் ஓர் அவுன்சு மருந்தைக் கரை என்று புத்தகம் சொல்லுகிறது. பிரிட்டிஷ் கணக்கில் கரைத்துப் பாருங்கள், பிறகு அமெரிக்கக் கணக்கில் கரைத்துப் பாருங்கள். இரண்டாவது மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காரம் கூடுதல்! கைகால் கழுவுகிற மருந்தானால் பரவாயில்லை. அபினிச் சத்தோ பாதரசமோ சேர்ந்த மருந்தானால்? அதுவும் குடிக்கப் போவது சின்னக் குழந்தையானால்? பெற்றோர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் நம் நாட்டு வைத்தியரின் அளவைகள். குன்றிமணி, பணவெடை, வராகனெடை, பலம். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரேன் எடை இருக்கும். ஊர் மக்களுக்குத் தெரிந்தது இதுதான். பைண்டும் கிரேனும் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை.

கிறீன் வைத்தியம் பார்த்தார், சத்திரசிகிச்சை செய்தார், வாந்திபேதி வந்த ஊர்களுக்கு நடந்தார். ஆனால் ஒற்றை ஆள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆகவே வந்த சுருக்கிலேயே தமிழ் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பையன்கள் கெட்டிக்காரர்கள், நன்றாகவே தேறினார்கள். ஆனால் தேறிய பிறகு என்ன நடந்தது? ஆங்கிலம் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. சம்பளம், பென்சன், மதிப்பு எல்லாம் கிடைத்தன. பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டும் என்று இவர் பயிர் வைக்க, அறுவடையைப் பட்டணம் கொண்டுபோனது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. வீட்டில் தங்கைமார், கடன், வயலில் விளைச்சல் இல்லை என்ற நிலையில் உத்தியோகம் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நம் மலாயாவுக்கே யாழ்ப்பாணத்துக்காரர்கள் கிராணிகளாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் ஆஸ்பத்திரி உத்தியோகத்தராகவும் வந்தது அந்த ஆங்கிலப் படிப்பால்தானே! 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதற்குப் பின் பேராக்கின் ஆபீசுகளிலும் ரயில் நிலையங்களிலும் அவர்கள் எத்தனை பேர்! தோட்டத்து டிரெசர்களிலும் அவர்கள் இருந்தார்கள். ஆகவே இதில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு.

கிறீனுக்கு மற்றொரு வருத்தமும் இருந்தது. மருத்துவம் படித்த பையன்கள் உடையிலும் நடையிலும் வெள்ளைக்காரரைப் போல மாறிக்கொண்டு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழன் எந்தச் சமயத்தில் இருந்தாலும் தமிழனாகவே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். வெள்ளைக்காரர் ஒருவர் இப்படி எண்ணியது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம்.

இடையில் 1850-களின் கடைசியில் ஓய்வுக்காகத் தாய்நாடு போனார். 1862-இல் மார்கரெட் என்ற நங்கையை மணந்து, அவரையும் அழைத்துக்கொண்டு மானிப்பாய் திரும்பினார். திரும்பி வந்தவர் மனத்தில் ஒரு முடிவு இருந்தது. 1864-இல், அதாவது பிரிட்டிஷ் மருந்து நூல் வெளிவந்த அதே ஆண்டில், மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தத் தொடங்கினார்.

சிலருக்கு அது பிடிக்கவில்லை. தமிழில் படித்தால் உத்தியோகம் கிடைக்காதே என்று பையன்களுக்குத் தயக்கம். மருத்துவ விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று மற்றவர்களுக்குச் சந்தேகம். உத்தியோகம் கிடைக்காது என்பதுதான் கிறீனுக்கு வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன்! அப்படிப் படித்தவன் ஊரிலேயே இருப்பான் அல்லவா? சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. புத்தகமாகப் போட்டுக் காட்டினார்.

அந்தப் புத்தகங்களின் பேரைக் கேளுங்கள். முதலில் கட்டர் என்ற அமெரிக்கரின் உடல்நூல். தமிழில் அதற்கு 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று பெயர். ஒரே மூச்சில் சொன்னவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம்! 1857-இல் டப்ளின் நகரத்து மான்செலின் நூல் பிரசவ வைத்தியமாக வந்தது. 1867-இல் லண்டன் டாக்டர் டுருயிட்டின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872-இல் உலகப் புகழ் பெற்ற கிரேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்றும், ஹூப்பரின் நூல் 'வைத்தியாகரம்' என்றும் வந்தன. 1875-இல் வெல்ஸ் எழுதிய இரசாயன நூல், 'கெமிஸ்தம்'. 1883-இல் டால்டனின் நூல், 'மனுஷ சுகரணம்'. கடைசிக் காலத்து வேலை இந்தியாவின் அரசாங்க மருந்து நூலைத் தழுவிய 'இந்து பதார்த்த சாரம்'. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்!

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கட்டரும் வெல்சும் டால்டனும் அமெரிக்கர்கள். டுருயிட்டும் ஹூப்பரும் கிரேயும் இங்கிலாந்துக்காரர்கள். இரண்டு கரைப் புத்தகங்களும் ஒரே மேசைக்கு வந்தன. அவுன்சு என்றும் பைண்டு என்றும் எழுதியிருந்தால் அது எந்தக் கரை அவுன்சு, எந்தக் கரை பைண்டு என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் படித்து, பிரிட்டிஷ் ஆட்சியில் வேலை பார்த்து, தமிழ் ஊரில் நோயாளியின் நாடியைப் பிடித்த கிறீனைவிடத் தகுந்த ஆள் யார் இருந்தார்கள்?

அவர் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரிடம் படித்த தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள். கிறீன் அதை வரி வரியாகச் சரிபார்ப்பார். புதுச் சொல் வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத் தேடுவது. அங்கே கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்திலிருந்து ஆக்குவது. அதுவும் ஒத்துவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்துக்கொள்வது. 'கெமிஸ்தம்' அந்த மூன்றாவது வகை. இப்படிச் சேர்ந்த சொற்களைப் பட்டியலாக்கியும் அச்சிட்டார். இன்று நாம் வேதியியல், இரசாயனம் என்கிறோம், அங்காதிபாதம் என்பதை உடற்கூறு என்கிறோம். அவருடைய சொற்கள் பல வழக்கொழிந்து போயின, உண்மைதான். தமிழில் அந்த வடசொற்களைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்குக் கடகடவென்று இருக்கும். ஆனால் அவருக்கு முன்னால் பாதை இல்லை. காடாகக் கிடந்த இடத்தில் முதலில் வெட்டிய ஒற்றையடிப் பாதை வளைந்துதான் போகும். நம் தாத்தாமார் காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது போட்ட பாதைகளும் அப்படித்தானே இருந்தன!

அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவர் கையில் உருவானார்கள். அவர்களில் பாதிப் பேர் அளவில் தமிழிலேயே படித்துத் தேறியவர்கள். மேல்நாட்டு மருத்துவத்தை இந்த அளவுக்குத் தமிழில் கற்பித்த முயற்சி வேறு எங்கே அப்போது நடந்தது?

உடல்நலம் கெட்டு 1873-இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டார். அதற்குப் பின் திரும்பவில்லை. ஆனால் தமிழை விட்டாரா? இல்லை. வூஸ்டரில், பனி விழும் ஊரில், கிறீன் ஹில் வீட்டிலிருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். நான் சொன்ன வெல்சும் டால்டனும் தமிழில் வெளிவந்தது அவர் ஊர் திரும்பிய பிறகுதான். கையெழுத்துப் பிரதிகள் கடல் தாண்டி மானிப்பாய்க்கும் வூஸ்டருக்கும் போய் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் வர எத்தனை வாரம்! ஆகாயவிமானமா இருந்தது? அந்த ஊரில் அவரோடு தமிழில் பேச அவர் மனைவியைத் தவிர வேறு யார் இருந்திருப்பார்கள்?

1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், அறுபத்தோராவது வயதில் அவர் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியராகவும் ஊழியராகவும் இருந்ததைக் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே வூஸ்டர் இடுகாட்டில் அவர் கல்லில் தமிழர் என்ற நம் இனத்தின் பேர் இருக்கிறது. அங்கே போய்வரக் கூடியவர்கள் நம்மில் யாரும் இருந்தால் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அவருக்குப் பின் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. அரசாங்கம் ஆங்கிலத்தில் நடந்தது, மருத்துவமும் ஆங்கிலத்தோடு போய்விட்டது. நம் தோட்டத்து டிரெசர் ஐயா படித்ததும் ஆங்கிலத்தில், எழுதிய மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில். பாட்டிலில் கோடு ஒட்டிக் கொடுத்ததற்குக் காரணம், அவுன்சு என்று எழுதினால் நம்மவர்களுக்குப் புரியாது என்பதுதான். ஒரு கோடு காலையில், ஒரு கோடு மாலையில் என்று அவர் தமிழில் வாயால் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத்தாக, புத்தகமாக, பாடமாகச் செய்து பார்த்தவர்தான் கிறீன்.

இன்று மருந்துப் பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியோ கரண்டியோ வருகிறது. அதில் 5 மில்லி, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஈப்போவிலும் மில்லி ஒரே மில்லிதான். ஆனால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதைத் தமிழில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் விளக்கிச் சொல்ல, நான்காம் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு முடியும். எங்கள் வகுப்பில் அதையும் ஒரு பயிற்சியாகச் செய்கிறோம். வீட்டிலிருந்து காலி மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் எழுதச் சொல்லுகிறோம். உங்கள் பிள்ளை காலிப் பெட்டி கேட்டு நச்சரித்தால் கோபித்துக்கொள்ளாமல் கொடுத்து அனுப்புங்கள்.

மானிப்பாயில் அவர் பேரால் கிறீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது. வூஸ்டரில் அவர் பிறந்த கிறீன் ஹில்லை அவர் குடும்பத்தார் 1905-இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது பொதுப் பூங்கா. பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.